காப்பியம் கரை சேர்ந்த கதை

(உமறுப் புலவரின் வாழ்வும் சீறாப்புராணம் வெளிவந்த வரலாறும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

பனைமரம் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் இல்லை. மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கடற்கரையை ஒட்டிச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் கடல் தெரியும். மறு பக்கம் பனங்காடு தெரியும். மழை பொய்த்த ஆண்டிலும் பொய்க்காமல் நிற்பது பனை ஒன்றே. நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் தருகின்ற இந்த மரம் நம் முன்னோருக்கு இன்னொன்றும் தந்தது. அதுதான் காகிதம். ஆம், பனையோலைதான் அவர்களுக்கு நோட்டுப் புத்தகம். அதுவே அவர்களுக்கு அச்சுப் புத்தகமும்கூட.

கவிதை எழுதும் பழக்கமுள்ள நண்பர்கள் நம் வகுப்புகளில் பலர் உண்டு. பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அது தெரிந்துவிடும். அவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழுதிவிட்டோம், இதை யார் வெளியிடுவார்கள்? இந்தக் கேள்வி இன்று பிறந்ததன்று. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், எட்டயபுரத்திலிருந்து நம் கீழக்கரைக்கு வந்த ஒரு புலவரும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வந்தார். அவர்தாம் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர். அவருடைய வாழ்க்கையை, அவருடைய காப்பியம் உலகுக்கு வந்து சேர்ந்த வழியைக் கொண்டே சொல்லிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கடிகைமுத்துப் புலவரின் மாணவர்

உமறுப் புலவர் 1642ஆம் ஆண்டில் பிறந்து 1703ஆம் ஆண்டில் மறைந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அவருடைய தந்தையார் சேகு முதலியார். வாசனைப் பொருள் வாணிகம் செய்தவர் என்று சொல்வார்கள். நாகலாபுரத்தில் இருந்த குடும்பம் பின்னர் எட்டயபுரத்தில் குடியேறியது.

எட்டயபுரம் அந்நாளில் ஒரு பாளையத்தின் தலைநகர். அதன் அவைப்புலவராக விளங்கியவர் சமுத்திர விலாசம் பாடிய கடிகைமுத்துப் புலவர். வணிகர் வீட்டுப் பிள்ளையாகிய உமறு அவரிடம் தமிழ் கற்றார். ஆசிரியர் ஒரு சமயம். மாணவர் வேறு சமயம். ஆனால் தமிழ் இருவருக்கும் பொதுவாக இருந்தது. இலக்கணமும் காப்பியமும் சிற்றிலக்கியமும் அந்த ஆசிரியர் அடியில் அமர்ந்தே அவர் பயின்றார்.

வாலைவாருந்தி என்னும் வடநாட்டுப் புலவர் ஒருவர் அவைதோறும் சென்று வாதுக்கு அழைத்து வந்தாராம். அவர் எட்டயபுரத்துக்கும் வந்தார். ஆசிரியருக்குப் பதிலாகப் பதினாறு வயது உமறு முன்வந்து அவரை வென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு வியப்பு என்பதை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். அவர் பின்னர் தம் ஆசிரியர் இருந்த இடத்தில் எட்டயபுரத்தின் அவைப்புலவர் ஆனார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. இளமையிலேயே அவருக்கு ஓர் அவை கிடைத்துவிட்டது. தம் கவிதையைக் கேட்க ஒரு மன்னரும் கிடைத்துவிட்டார். அதோடு நிறைவடைந்திருந்தால் அவர் இன்று நமக்குப் பெயரளவில்கூடத் தெரிந்திருக்கமாட்டார்.

கீழக்கரையின் வள்ளல்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருப்பது கீழக்கரை. முத்தும் சங்கும் துணியும் மிளகும் அங்கிருந்து மரக்கலமேறின. அந்த வாணிகத்தின் தலைவராக இருந்தவர் செய்கு அப்துல் காதிறு மரைக்காயர். மக்கள் அவரைச் சீதக்காதி என்று அழைத்தனர். கிழவன் சேதுபதி என்னும் இரகுநாத சேதுபதிக்கு அவர் நெருங்கிய நண்பர். அக்காலக் கடல் வாணிகத்தில் பங்குகொண்ட டச்சுக்காரர்களின் ஆவணங்களிலும் பெரியதம்பி மரைக்காயர் என்று அவர் பெயர் இடம் பெற்றிருக்கிறது.

வாணிகத்தில் சேர்த்ததைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கியவர் அவர். பஞ்ச காலத்தில் நெல் கொடுத்துக் காத்தார் என்பார்கள். இறந்த பிறகும் கொடுத்தவர் என்று அவர் பெயரைச் சொல்லும் பழமொழி இன்றும் நம் பாட்டிமார் வாயில் இருக்கிறது. படிக்காசுப் புலவர் முதலானோர் அவரைப் பாடிப் பரிசு பெற்றனர். சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒரு நூலே அவர் பெயரால் உண்டு.

இந்த வள்ளலுக்கு நெடுநாளாக ஒரு குறை. நபிகள் நாயகத்தின் வாழ்க்கை அரபு மொழி அறிந்தவர்க்கு மட்டும் விளங்கினால் போதுமா? தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு, கம்பன் காவியம் போல் தமிழிலே ஒரு காவியம் வேண்டாவா? எட்டயபுரத்தில் உமறு என்று ஒரு புலவர் இருப்பது அவர் காதுக்கு எட்டியது. அவரே உமறுவை இப்பணிக்குத் தூண்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம், சாயல்குடி, ஏர்வாடி வழியாகக் கீழக்கரைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இன்று மூன்று மணி நேரப் பயணம். அன்று அது கரிசலும் செம்மணலும் உப்பங்காற்றும் கடந்து வரவேண்டிய வழி. புலவர் அந்த வழியைக் கடந்து வந்தார்.

முதல் வாசல் மூடிக்கொண்டது

பாடும் திறமை புலவரிடம் இருந்தது. ஆனால் பாடுவதற்குரிய செய்தி அரபு நூல்களில் இருந்தது. அதை எடுத்துச் சொல்லக்கூடியவர் கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா. காயல்பட்டினத்திலிருந்து வந்து கீழக்கரையில் தங்கியவர். அரபு மொழியிலேயே கவிபாடும் ஆற்றல் பெற்றவர். உமறு அவரிடம் சென்று பணிவோடு உதவி கேட்டார்.

அவர் மறுத்துவிட்டார்!

ஏன் மறுத்தார்? உமறு அரசவைப் புலவர்க்குரிய உடையும் அணியும் பூண்டு வந்திருந்தாராம். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்தவரின் தோற்றமா இது என்று பெரியவர் மனம் ஒப்பவில்லை என்று கதை சொல்கிறது. அவருடைய ஐயத்திலும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கோடிக்கணக்கானோர் உயிரினும் மேலாக மதிக்கும் ஒருவரின் வாழ்க்கை அது. ஒரு சொல் பிழைத்தாலும் பெரும்பிழை ஆகும். அந்தப் பொருளை முன்பின் தெரியாத ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று அவர் தயங்கியிருக்கலாம்.

ஆனாலும் உமறுவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவைகளை வென்றவர் ஒரு வீட்டு வாசலில் தோற்றுப் போனார். பாட்டில் பிழை என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவர் இன்னும் ஒரு பாட்டும் பாடிக் காட்டவே இல்லையே! பார்த்த பார்வையிலேயே முடிவு சொல்லப்பட்டுவிட்டது. முதன்முதலாக ஒரு பெரிய இடத்து வாசலில் ஏறி நின்றவர்களுக்கு, அதிலும் நம்மைப் போல் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு, இந்த வேதனை புதிதன்று.

உமறு கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பள்ளிவாசலில் போய் மனமுருகி நின்றார் என்றும், பின்னர் இருவர் கனவிலும் நபிகள் நாயகம் தோன்றி அருள் செய்ததாகவும், சதக்கத்துல்லா அப்பா மனம் மாறினார் என்றும் மரபு கூறுகிறது. கனவை நம்புவோர் நம்பலாம். எப்படியாயினும், மறுத்தவரே பின்னர் உதவினார். புலவரும் தம் தோற்றத்தை மாற்றிக்கொண்டு மாணவராய் மீண்டும் வந்தார் என்பர். இங்கே தோற்றவர் எவருமில்லை. ஒருவர் தம் முடிவை மாற்றிக்கொள்ள அஞ்சவில்லை. மற்றவர் மீண்டும் ஒருமுறை கேட்க வெட்கப்படவில்லை. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் தமிழுக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும்.

பரங்கிப்பேட்டைக்கு

வடக்கே வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கு வாழ்ந்த மார்க்க அறிஞர் லெப்பை அலி ஹாஜியாரிடம் உமறு அனுப்பப்பட்டார். அரபு நூல்களில் உள்ள செய்திகளை அவர் எடுத்துரைக்க, இவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் தரவு திரட்டுவது போன்ற வேலை இது. திரட்டிய பிறகுதான் பாட்டு.

காப்பியம் வளர்ந்தது. அரபு நாட்டைப் பாடவந்த புலவர் தமிழ்நாட்டைப் பார்த்துப் பாடினார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலை மணலைக் கேள்வியால் மட்டுமே அறிந்தவர், தாம் படித்த தமிழ்க் காப்பிய மரபின் வளத்தையெல்லாம் கொண்டுபோய் அந்த மண்ணில் நிறைத்தார். இது அறியாமை அன்று; தமிழ்க் காப்பியத்தின் முறை. அயலூர்க் கதையை நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்திச் சொல்லும் கலை.

நூல் முடியுமுன் ஓர் இடி விழுந்தது. சீதக்காதி மறைந்தார். அந்நாளில் ஒரு பெருங்காப்பியம் பாடுவது என்பது புலவர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமா? ஆண்டுக்கணக்கில் புலவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சோறு வேண்டும். ஓலை வாருபவருக்கும் எழுத்தருக்கும் கூலி வேண்டும். இத்தனையும் வள்ளல் ஒருவரின் கையை நம்பியே இருந்தன. கை மறைந்தால் நூலும் நின்றுவிடும். இப்படிப் பாதியில் நின்று, பெயர்கூடத் தெரியாமல் மறைந்த நூல்கள் தமிழில் எத்தனையோ!

பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர் அப்போது முன்வந்தார். அவருடைய ஆதரவில் காப்பியம் தொடர்ந்தது, அரங்கேறியது. கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைத் தம் காவியத்தில் நிலைநிறுத்தியது போலவே, உமறுவும் அபுல் காசிமின் பெயரைக் காப்பியத்தின் பல இடங்களில் நன்றியோடு பதித்து வைத்தார். இன்றைய நூல்களில் நன்றியுரை முதற்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. உமறுவின் நன்றியோ நூல் முழுதும் நடந்து வருகிறது.

அரங்கேற்றம் என்பது என்ன?

இன்று ஒரு கவிதை நூல் வெளிவருவது என்றால் அச்சிட்டு, விழா நடத்தி, படி வழங்குவது. கைப்பேசி வந்தபின் அதுவும் வேண்டியதில்லை. எழுதிய நொடியில் ஊரெங்கும் அனுப்பிவிடலாம். அன்றைய வெளியீடு அரங்கேற்றம். கற்றோர் அவையில் புலவர் தம் நூலைத் தாமே படிப்பார், பொருள் சொல்வார். அவையோர் தடை எழுப்புவார்கள். இலக்கணப் பிழையா, பொருட்பிழையா, மரபுப் பிழையா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அத்தனைக்கும் விடை சொல்லி, அவை ஏற்றுக்கொண்டால்தான் நூல் வெளியே நடமாடலாம். கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் இவ்வாறு அரங்கேற்றினர் என்பது நாம் அறிந்ததே. கவிஞர் எழுதுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று அந்நாளில் எவரும் எண்ணவில்லை.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களை உடையது. விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்கள், 1240 பாடல்கள். நுபுவ்வத்துக் காண்டத்தில் 21 படலங்கள், 1104 பாடல்கள். ஹிஜ்றத்துக் காண்டத்தில் 47 படலங்கள், 2683 பாடல்கள். ஆக 92 படலங்கள், 5027 பாடல்கள். இத்தனை பாடியும் நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முற்றுப் பெறவில்லை. கடைசி ஆண்டுகளின் செய்தி பாடப்படாமலே நூல் நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் என்பவர் பாடி 1732ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அது சின்னச் சீறா என்று பெயர் பெற்றது. உமறு பாடியது பெரிய சீறா ஆயிற்று. முதுமொழி மாலை, சீதக்காதி திருமண வாழ்த்து ஆகியனவும் உமறுவின் பெயரால் வழங்கும் நூல்கள்.

1703இல் புலவர் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு அங்கே அவருக்கு மணிமண்டபமும் எழுப்பியுள்ளது. புலவரின் வாழ்க்கை இங்கே முடிந்தது. ஆனால் காப்பியத்தின் வாழ்க்கை இனிமேல்தான் தொடங்குகிறது.

ஓலையின் ஆயுள்

இவ்விடத்தில் தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஓலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். மிக இளங்குருத்தும் ஆகாது. முற்றிய ஓலையும் ஆகாது. பதமான ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்துவார்கள். பிறகு நீரில் வேகவைத்து அல்லது ஆவியில் புழுக்கி மீண்டும் உலர்த்துவார்கள். சங்கு போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்து மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி ஆயிற்று. இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதி, விளக்குக் கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால் எழுத்து கறுத்துத் தெரியும்.

இத்தனை செய்தும் ஓலை ஓலைதான். உப்பங்காற்றும் ஈரமும் செல்லும் பூச்சியும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய ஏடு பொடியாகுமுன் யாராவது புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் எவரும் எடுக்காவிட்டால் நூல் செத்தது என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5027 பாடல்கள் என்றால், பாட்டுக்கு நான்கு அடியாக 20,108 அடிகள். ஒருவர் நாளொன்றுக்கு 20 பாடல் வீதம் எழுத்தாணியால் கீறி எழுதினால் 252 நாட்கள் ஆகும். அதாவது எட்டு மாதத்துக்கு மேல். ஒரே ஒரு படிக்கு! இன்று நாம் நூறு பக்கத்தைப் படியெடுக்கும் கடையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்த எட்டு மாதத்தைத் தாமே செலவழிக்க முன்வந்தவர் யார்? அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. கடற்கரை ஊர்களின் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் சீறா படிக்கப்பட்டது, படித்தவர்கள் படியெடுத்தார்கள், படியெடுத்ததை அடுத்தவர் வாங்கிப் படித்தார்கள். அப்படித்தான் காப்பியம் உயிர் வாழ்ந்தது.

1842

அச்சு அந்நாளில் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. அண்ட்ரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியப் பாதிரியாரின் முயற்சியால் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூல் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அடிகளார் வாழ்ந்து பணிசெய்ததோ நமக்குத் தெற்கே உள்ள முத்துக்குளித்துறைக் கடற்கரையில். உமறு பிறப்பதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் அச்சேறிவிட்டது என்று ஆகிறது. ஆனால் அச்சு இயந்திரம் சமயப் பணியாளர்களின் கையில் அவர்களுடைய தேவைக்காக இருந்தது. 1835ஆம் ஆண்டில் வந்த சட்டம் அச்சகம் நடத்துவதற்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன் பிறகே ஏட்டில் கிடந்த தமிழ் நூல்கள் வேகமாக அச்சுக்கு வரத் தொடங்கின.

அந்த முதல் வரிசையிலேயே சீறாப்புராணமும் நின்றது. புலவர் நாயகம் என்று போற்றப்பட்ட செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் என்பவர் ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, 1842ஆம் ஆண்டில் அதைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாத ஐயர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது 1887இல். அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பதிப்பு வெளிவந்துவிட்டது என்பதை எண்ணினால் அம்முயற்சியின் அருமை விளங்கும்.

ஏட்டைப் பார்த்து அச்சுக் கோப்பது எளிய வேலையன்று. ஓலை கிழிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. பாட்டைப் பிரிக்காமல் தொடர்ந்தே எழுதியிருப்பார்கள். இதனோடு அரபுப் பெயர்களும் அரபுச் சொற்களும் தமிழ் எழுத்தில் கலந்துவிட்டால் என்ன ஆகும்? தமிழ் மட்டும் தெரிந்தவர் திணறுவார். அரபு மட்டும் தெரிந்தவரும் திணறுவார். இரண்டும் தெரிந்த, தாமும் ஒரு கவிஞரான ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது காப்பியம் செய்த நல்வினை எனலாம்.

1703க்கும் 1842க்கும் இடையே 139 ஆண்டுகள்! உமறுப் புலவர் தம் நூலை அச்சில் காணவில்லை. அவர் மகன் காணவில்லை, பேரன் காணவில்லை. ஆனால் நூல் அச்சைக் கண்டது.

நாம் செய்யக் கூடியது

அதே எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த இன்னொரு கவிஞரை நாம் அறிவோம். தம் நூல்களையெல்லாம் வரிசையாக அச்சிட வேண்டும் என்று 1920இல் திட்டம் தீட்டி, நண்பர்களிடம் பொருளுதவி கேட்டு எழுதியவர் பாரதியார். அந்தத் திட்டம் நிறைவேறுமுன் 1921இல் அவர் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்றது. பின்னர் அவை நாட்டுக்கே பொதுவாயின. ஒரே ஊர், இரு கவிஞர், இரண்டு நூற்றாண்டு இடைவெளி. இருவர் கதையும் ஒன்றையே சொல்கின்றன. எழுதுவது ஒருவர் வேலை. வெளியிடுவது பலர் வேலை.

உமறுவின் காப்பியத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் சொல்லிக்கொடுத்த கடிகைமுத்துப் புலவர், தூண்டிய சீதக்காதி, மறுத்துப் பின் உதவிய சதக்கத்துல்லா அப்பா, செய்தி சொன்ன லெப்பை அலி, தாங்கிய அபுல் காசிம், பெயர் தெரியாத எழுத்தர்கள், அச்சேற்றிய புலவர் நாயகம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நம் கையில் இன்று நூல் இல்லை.

இந்த வரிசையில் இன்னும் ஒருவரைச் சேர்க்க என் மனம் விரும்புகிறது. ஓலை வெட்டித் தந்தவர். மரமேறி, குருத்தோலை பார்த்து வெட்டி, கீழே போட்டவர். அவர் இல்லாமல் எந்தக் காப்பியமும் இல்லை. ஆனால் அவர் வெட்டிய ஓலையில் என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. என் தந்தையார் பனையேறுபவர். பாட்டனாரும் அப்படியே. எங்கள் வீட்டில் ஓலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பெட்டி உண்டு, பாய் உண்டு, விசிறி உண்டு, கூரையும் உண்டு. எழுதிய ஓலை மட்டும் ஒன்றும் இல்லை. எழுதத் தெரிந்தவர் இல்லாததால் அல்லவா அது?

எழுத்து இல்லையே தவிர, பாட்டு இருந்தது. என் அப்பத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவரோடு போய்விட்டன. எட்டு மாதம் வேண்டாம், எட்டு நாள் நான் நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அப்போது நான் என் சொந்தக் கவிதை எந்த இதழில் வரும் என்று தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். அனுப்பிய கவிதைகள் திரும்பி வந்தன. அதற்கு வருத்தமில்லை, இன்னும் நன்றாக எழுதி மீண்டும் அனுப்பலாம். அப்பத்தாவின் பாட்டைத்தான் இனி எழுதி வாங்க முடியாது.

ஆகவே கவிதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கவிதை திரும்பி வந்தால் உமறுவை நினைத்துக்கொள்ளுங்கள். திருத்திக்கொண்டு மீண்டும் வாசலில் போய் நில்லுங்கள். அதோடு உங்கள் வீட்டிலும் தெருவிலும் எழுதப்படாமல் இருக்கும் பாட்டுகளுக்கு நீங்களே எழுத்தராகுங்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு உண்டு. முதுகுளத்தூர்ப் பக்கம் நாற்று நடும்போது பாடும் பாட்டு உண்டு. பாடும் வாய்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டே வருகின்றன.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் நான்கு பக்கங்களை இப்பாடல்களுக்கென ஒதுக்கித் தரவேண்டும். மாணவர்கள் எழுதி வருவதைச் சரிபார்த்து, பாடியவர் ஊரையும் பாடிய சூழலையும் குறிப்பிட்டு வெளியிடலாம். எழுத்துப் பிழையோடு, கசங்கிய தாளில், தயங்கித் தயங்கி ஒரு மாணவன் கொண்டுவந்து நீட்டினால், அவன் தோற்றத்தைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள். சதக்கத்துல்லா அப்பா போன்ற பேரறிஞரே இரண்டாம் முறை கதவைத் திறந்தார். நம் கல்லூரியில் அது முதல்முறையே திறக்கட்டும்.

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கல் பள்ளிவாசல் இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அடுத்த முறை அந்த வழியே போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நம் மாவட்டத்துப் பனையோலையில் ஏறி, 139 ஆண்டுகள் கைமாறிக் கைமாறி, அச்சு என்னும் கரையைச் சேர்ந்த ஒரு காப்பியத்தின் பயணத்துக்கு அந்தக் கடற்கரையும் ஒரு துறையாக இருந்தது.

வாழ்க உமறுப் புலவர் புகழ்! வளர்க தமிழ்!